இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு 'உணர்வில்லை' என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தலையில் அடிபட்டு நினைவு திரும்பாமல் இருப்பவர்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் வருகிற செய்திகள் பெரும்பாலும் இரண்டே வகைதான். 'கோமாவில் இருந்தவர் மகள் குரல் கேட்டுக் கண்விழித்தார்' என்று ஒரு வகை, 'மூளைச்சாவு அடைந்த இளைஞரின் உறுப்புகள் தானம்' என்று இன்னொரு வகை. இந்த இரண்டுக்கும் நடுவில், கண் திறந்திருக்கும், மூச்சு தானாக வரும், ஆனால் கூப்பிட்டால் பதில் இல்லை என்ற நிலையில் மாதக்கணக்காக வார்டிலும் வீட்டுக் கட்டிலிலும் கிடக்கிறவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் ஒரு மருத்துவமனையில் இ.இ.ஜி. டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். மூளை அலைகளைப் பதிவு செய்வதுதான் என் வேலை. நான் டாக்டர் இல்லை, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவளும் இல்லை. ஆனால் இந்த நோயாளிகளின் தலைமாட்டில் அரை மணி, முக்கால் மணி நின்று அவர்களையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறவள் என்ற முறையில் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. ஒருவருக்கு உணர்வு இருக்கிறதா இல்லையா என்பதைக் காலை ரவுண்ட்ஸில் இரண்டு நிமிடம் பார்த்து முடிவு கட்டக் கூடாது. அதைச் சரியாகப் பார்க்க உதவுகிற கருவி பல மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கிறது, வலிப்பு நோய்க்காக வாங்கி வைத்தது. அதை இந்த வேலைக்கு யாரும் எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஐ.சி.யூ. வாசலில் சொந்தக்காரர்கள் தினமும் கேட்கிற கேள்வி இது. மூளைச்சாவு வேறு, கோமா வேறு. மூளைச்சாவு என்றால் மூளைத்தண்டு அடியோடு செயலிழந்து, வென்டிலேட்டரை எடுத்தால் மூச்சே வராத நிலை. 1994-ம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள் கொண்ட குழு, 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்துச் சான்று தர வேண்டும். சட்டப்படி அது மரணம், அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. உறுப்பு தானத்தில் தமிழ்நாடு செய்திருப்பது பெரிய காரியம்.

நான் பேசுவது உயிரோடு இருக்கிறவர்களைப் பற்றி. கோமா என்பது கண்ணே திறக்காத நிலை. அது பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அப்புறம் சிலர் கண் திறக்கிறார்கள், தூங்குகிறார்கள், விழிக்கிறார்கள், கொட்டாவி விடுகிறார்கள், ஆனால் தன்னையோ சுற்றி இருப்பதையோ அறிந்ததற்கான அடையாளம் எதுவும் தெரிவதில்லை. இதை 'வெஜிடேட்டிவ் ஸ்டேட்' என்பார்கள், 1972-ல் ஜென்னட், பிளம் என்ற இரண்டு டாக்டர்கள் வைத்த பெயர். இதற்கு ஒரு படி மேலே, எப்போதாவது கண்ணால் எதையாவது தொடர்வது, எப்போதாவது சொன்னதைச் செய்வது, மறுபடி ஒன்றுமில்லாமல் போவது என்று விட்டு விட்டு உணர்வு தெரிகிற நிலை ஒன்று உண்டு. 'மினிமலி கான்ஷியஸ்' என்று 2002-ல்தான் அதைத் தனியாகப் பிரித்தார்கள். இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிட்டால் நோயாளிக்கு அதனால் வருகிற நஷ்டம் சின்னது இல்லை, பிசியோதெரபி முதல் வலி மருந்து வரை எல்லாமே அந்த ஒரு வரியை வைத்துத்தான் நடக்கிறது.

எத்தனை பேருக்கு மாற்றி எழுதப்படுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். பெல்ஜியத்தில் இருந்து 2009-ல் வந்த ஆய்வில், மருத்துவக் குழு கூடிப் பேசி 'வெஜிடேட்டிவ்' என்று முடிவு செய்திருந்த 44 பேரை முறையான அளவுகோலை வைத்து மறுபடி சோதித்தார்கள். 18 பேருக்கு உணர்வின் அறிகுறி இருந்தது. அதற்கு 13 வருடம் முன்னால் லண்டனில் ஒரு மருத்துவமனையில் இதே நிலை என்று அனுப்பப்பட்ட 40 பேரில் 17 பேர் தவறாகக் கணிக்கப்பட்டிருந்தார்கள். இரண்டு இடத்திலும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல்! அங்கே டாக்டர்களுக்கு நேரமும் இருந்தது, ஆட்களும் இருந்தார்கள். நம் ஊர் வார்டில் ஒரு நரம்பியல் டாக்டர் ஒரு காலையில் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்பது உள்ளே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். கட்டிலருகில் வந்து, நெஞ்செலும்பில் விரல் முட்டியால் அழுத்தி, 'கையைத் தூக்குங்க' என்று ஒரு தடவை சொல்லி, மூன்று எண்ணுவதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டிய நிலை அவருக்கு. அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் மூளை அடிபட்டவருக்குக் கேட்டது புரிந்து, கை அசைய வேண்டும் என்று நினைத்து, அந்த நினைப்பு விரல் வரை போய்ச் சேர மூன்று எண்ணினால் போதாது.

முறையான அளவுகோல் ஒன்று உண்டு. அமெரிக்காவில் ஜோசஃப் ஜியாசினோ என்பவர் தலைமையில் திருத்தி 2004-ல் வெளியிட்டது, 'கோமா ரெகவரி ஸ்கேல்' என்று பெயர். ஆறு பகுதி, மொத்தம் 23 மதிப்பெண். காசு கொடுத்து வாங்க வேண்டிய கருவி எதுவும் கிடையாது, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் சில சாதாரணப் பொருட்களும் போதும். கண்ணாடி எதற்கு என்றால், பேனாவையோ டாக்டர் விரலையோ கண்ணால் தொடராத நோயாளிகள் சிலர் தங்கள் முகத்தைத் தொடர்வார்கள். அதே மாதிரி, கைதட்டினால் திரும்பாதவர் தன் பெயரைக் கேட்டால் திரும்பலாம். இதையும் ஒரு தடவை செய்து விட்டுவிடக் கூடாது. நாளுக்கு நாள், ஏன் வேளைக்கு வேளை நிலை மாறுகிறது, அதனால் இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது செய்து பார்க்க வேண்டும் என்பதுதான் இப்போதைய பரிந்துரை. என் அனுபவத்தில் நோயாளியின் மனைவியோ அம்மாவோ 'காலையில எட்டு மணிக்குப் பாத்தா பார்வை தெளிவா இருக்குங்க, நீங்க வர்ற நேரம் தூங்கிடுறார்' என்று சொல்லும்போது அதை ஆசையில் சொல்கிறார்கள் என்று தள்ளிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது கூடாது. நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் விஷயத்தில்கூட இந்த இடைவெளியைப் பார்க்கலாம். 1973-ல் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்ட அவரை, 2015-ல் இறக்கும்வரை சக நர்ஸுகள் அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு உணவு கொடுப்பதை நிறுத்தக் கோரிய வழக்கை 2011-ல் உச்ச நீதிமன்றம் விசாரித்தபோது, பிடித்த உணவு கொடுத்தால் முகத்தில் மாற்றம் தெரிகிறது, சில சமயம் சொன்னதற்குச் சத்தம் கொடுக்கிறார் என்று மருத்துவமனை தரப்பில் சொன்னார்கள். நீதிமன்றம் அமைத்த மூன்று டாக்டர்கள் குழு, வெஜிடேட்டிவ் நிலைக்கான பெரும்பாலான அளவுகோல்கள் பொருந்துகின்றன என்றது. இரண்டுமே பதிவில் இருக்கிறது. யார் சரி என்று இப்போது நான் சொல்ல முடியாது. நேரில் பார்த்து மட்டுமே தீர்மானிக்கும்போது இப்படி ஒரு சிக்கல் வரத்தான் செய்யும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கேதான் மூளை அலைப் பதிவு வருகிறது. ஜெர்மனியில் யேனா நகரத்தில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் மனித மூளையின் மின்னோட்டத்தை முதன்முதலில் பதிவு செய்தது 1924-ல், வெளியிட்டது 1929-ல். ஆக நூறு வயதான தொழில்நுட்பம் இது. எப்படிச் செய்கிறோம் என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதை எக்ஸ்ரே மாதிரி ஏதோ கதிர்வீச்சு என்று பயப்படுகிறார்கள். மூக்கின் மேல் பள்ளத்தில் இருந்து பின்மண்டை மேடு வரை டேப் வைத்து அளந்து, அந்த நீளத்தில் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்ற இடைவெளியில் பென்சிலால் குறி போட்டு, ஒவ்வொரு குறியிலும் தோலை லேசாகத் தேய்த்துச் சுத்தம் செய்து, பேஸ்ட் வைத்து இருபத்தொரு லீடை, அதாவது மூளை அலையைப் பிடிக்கிற வயர் முனைகளை ஒட்டுவோம். நம் ஊரில் தலைக்கு எண்ணெய் வைக்கிற பழக்கம் உண்டு, படுத்த படுக்கையாக இருப்பவருக்கு உஷ்ணம் என்று இன்னும் கூடுதலாக வைப்பார்கள், எண்ணெய் இருந்தால் லீட் ஒட்டாது, சிக்னல் வராது. அறுவை சிகிச்சை ஆனவர் என்றால் தையலுக்குப் பக்கத்தில் இடம் பார்த்து வைக்க வேண்டும், மண்டை ஓட்டின் ஒரு துண்டை எடுத்து வைத்திருந்தால் அந்தப் பக்கம் அலை பெரிதாகத் தெரியும், அதை மனதில் வைத்துப் படிக்க வேண்டும். வருகிற சிக்னலோ மைக்ரோவோல்ட் கணக்கு, ஒரு வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வென்டிலேட்டர், மருந்து பம்ப், காற்று மெத்தை மோட்டார் எல்லாம் சேர்ந்து 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 அலை) இரைச்சலை அதில் கொட்டும். ஐ.சி.யூ.வில் நல்ல பதிவு ஒன்று எடுப்பது என்பது பொறுமையான வேலை.

சாதாரணப் பதிவிலேயே நிறையத் தெரியும். உடம்பு நன்றாக இருக்கிற ஒருவர் கண்ணை மூடியிருந்தால் பின்மண்டையில் 8 முதல் 13 ஹெர்ட்ஸ் வரை ஆல்ஃபா அலை வரும், கண்ணைத் திறந்தால் மறைந்துவிடும். மூளை பலமாக அடிபட்டால் அலை மெதுவாகி 4 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகும். அலை என்ன வேகம் என்பதைவிட முக்கியமானது, கூப்பிடும்போதும் கிள்ளும்போதும் அது மாறுகிறதா என்பது. இதய நிறுத்தத்துக்குப் பிறகு சிலருக்கு ஆல்ஃபா அலை மாதிரியே ஓடும், ஆனால் எதற்கும் மாறாது, அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. இரவு முழுக்கப் பதிவு செய்தால், தூக்கத்தில் வருகிற சுருள் மாதிரியான ஸ்பிண்டில் அலைகள் இருக்கின்றனவா என்று பார்க்கலாம், அவை இருந்தால் நல்ல அறிகுறி.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நினைவில்லாமல் கிடக்கிற சிலருக்கு வெளியே கை கால் இழுக்காமலே உள்ளே வலிப்பு ஓடிக்கொண்டிருக்கும். 2000-ல் வந்த ஒரு ஆய்வில், வலிப்பின் வெளி அறிகுறி எதுவும் இல்லாத கோமா நோயாளிகள் 236 பேருக்கு இ.இ.ஜி. எடுத்தார்கள், 8 சதவீதம் பேருக்கு ஓயாத வலிப்பு ஓடிக்கொண்டிருந்தது. இதற்கு மருந்து இருக்கிறது. ஸ்கேனில் இது தெரியாது. 'ஸ்கேன் எல்லாம் பாத்தாச்சு, இனி ஒண்ணும் இல்ல' என்று சொல்லப்பட்டு, ஒரு இ.இ.ஜி.கூட எடுக்காமல் வீட்டுக்குப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, உணர்வு விஷயத்துக்கு வருகிறேன். 2006-ல் கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவன் குழு, சாலை விபத்துக்குப் பிறகு வெஜிடேட்டிவ் நிலையில் இருந்த 23 வயதுப் பெண்ணை எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுக்க வைத்து 'டென்னிஸ் ஆடுவதாக நினைத்துக்கொள்' என்றது, 'உன் வீட்டுக்குள் ஒவ்வொரு அறையாக நடப்பதாக நினைத்துக்கொள்' என்றது. இரண்டுக்கும் அவர் மூளையில் வேலை செய்த இடங்கள், நல்ல உடல்நிலையில் இருப்பவர்களுக்கு வேலை செய்த அதே இடங்கள். உலகமே அதிர்ந்த முடிவு அது. ஆனால் அந்த மாதிரி எம்.ஆர்.ஐ.க்கு நோயாளியை ஐ.சி.யூ.வில் இருந்து கீழே கொண்டு போக வேண்டும், உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது, அசையக் கூடாது, செலவும் அதிகம். கட்டிலருகிலேயே இ.இ.ஜி.யை வைத்து இதைச் செய்ய முடியுமா என்று பார்த்தார்கள். 2011-ல் டேமியன் குரூஸும் ஓவனும், 'வலது கையை மடக்குவதாக நினையுங்கள், கால் விரலை அசைப்பதாக நினையுங்கள்' என்று சொல்லிப் பதிவு செய்து, 16 பேரில் 3 பேர் சொன்னதைச் செய்தார்கள் என்று அறிவித்தார்கள். இரண்டு வருடத்தில் நியூயார்க் குழு ஒன்று அதே பதிவுகளை வேறு கணக்கு முறையில் அலசி, அந்த முடிவு நிற்கவில்லை என்றது. முதல் குழு தன் முறையை விளக்கிப் பதில் எழுதியது. இந்தச் சண்டையால் நல்லதுதான் நடந்தது, அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் கணக்கில் கூடுதல் கவனமாக இருந்தன.

எனக்கு முக்கியமாகப் படுவது 2019-ல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவமனையில் இருந்து யான் கிளாசன் குழு வெளியிட்டது. காரணம், அது நம்முடையது போன்ற சாதாரண ஐ.சி.யூ. கட்டிலில், சாதாரண இ.இ.ஜி. மெஷினில் நடந்தது. மூளை புதிதாக அடிபட்டு, சொன்னதை எதையும் செய்யாத 104 பேர். காதில் இயர்போன் வைத்து 'வலது கையை மூடித் திறந்துகொண்டே இருங்கள்' என்று ஒலிப்பதிவு, கொஞ்ச நேரம் கழித்து 'நிறுத்துங்கள்'. இப்படியே மாறி மாறி, இரண்டு கைக்கும். கை அசைவதில்லை. ஆனால் 'செய்' என்று சொன்ன நேரத்து அலைக்கும் 'நிறுத்து' என்று சொன்ன நேரத்து அலைக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பார்க்கிறது. 16 பேருக்கு இருந்தது. அடிபட்டு நாலைந்து நாளிலேயே! ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்த 16 பேரில் 7 பேர் ஒரு நாளில் 8 மணி நேரம் வரை தன்னைத் தானே பார்த்துக்கொள்கிற அளவுக்குத் தேறியிருந்தார்கள், அதாவது 44 சதவீதம். அலையில் மாற்றம் தெரியாதவர்களில் அந்த அளவு தேறியவர்கள் 14 சதவீதம்தான்.

இப்படி உள்ளே கேட்டுப் புரிந்துகொண்டு, வெளியே எதையும் காட்ட முடியாத நிலையை நிக்கோலஸ் ஷிஃப் என்ற நரம்பியல் டாக்டர் 2015-ல் தனி நிலையாகப் பிரித்துக் காட்டினார். போன் வயர் அறுந்த வீடு மாதிரி, உள்ளே ஆள் இருக்கிறார், வெளியே இருந்து கூப்பிடுகிறவருக்கு மணி அடிக்கிற சத்தம்கூட வராது. 2024 ஆகஸ்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பா எல்லாம் சேர்த்து ஆறு மையங்களின் பெரிய ஆய்வு வந்தது, யெலெனா போடியன் முதல் ஆசிரியர், ஷிஃப்பும் அதில் உண்டு. சொன்னதற்கு வெளியில் எந்த அசைவும் காட்டாத 241 பேரை ஸ்கேனிலோ இ.இ.ஜி.யிலோ இரண்டிலுமோ சோதித்ததில் 60 பேர் மூளையால் பதில் சொன்னார்கள். நாலு பேரில் ஒருவர்.

அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது, செய்தி போடுகிறவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். சொன்னதைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி செய்யக்கூடிய 112 பேரையும் இதே முறையில் சோதித்தார்கள், அவர்களில் 43 பேருக்கு மட்டும்தான் மெஷினில் பதில் வந்தது. அதாவது உணர்வு உறுதியாக இருக்கிறவர்களிலேயே நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் இந்தச் சோதனை 'இல்லை' என்று காட்டியது. ஆகவே பதில் வந்தால் அதை நம்பலாம், வராவிட்டால் ஒன்றும் நிரூபணம் ஆகவில்லை என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ளாமல், 'மூளை அலை டெஸ்ட்லயும் ஒண்ணும் வரல' என்று ஒரு குடும்பத்திடம் சொல்லி அனுப்பிவிட்டால், இந்தத் தொழில்நுட்பம் வந்ததே கெடுதலாகிவிடும். நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்.

நம் ஊரில் செய்யும்போது கவனிக்க வேண்டியது வேறு சிலவும் உண்டு. முதலாவது மொழி. ஐ.சி.யூ.க்களில் படித்த பழக்கத்தில் 'ஓபன் யுவர் ஐஸ்', 'லிஃப்ட் யுவர் ஹேண்ட்' என்று இங்கிலீஷில் கட்டளை போடுகிறார்கள். கிராமத்தில் இருந்து வந்த அம்மாவுக்கு, நல்ல நினைவோடு இருந்தாலே அது புரியாது. கட்டட வேலைக்கு ஒடிசாவில் இருந்தும் வங்காளத்தில் இருந்தும் வந்து சாரத்தில் இருந்து விழுகிற பையன்களிடம் தமிழில் 'கையைத் தூக்கு' என்று சொல்லிவிட்டு, பதில் இல்லை என்று எழுதுகிறோம். கூட வேலை செய்கிற பையனை இரண்டு வரி அவர்கள் மொழியில் செல்போனில் பேசிப் பதிவு செய்து தரச் சொன்னால் முடிந்தது. தமிழ் நோயாளி என்றாலும், செந்தமிழில் 'தங்கள் வலது கரத்தை உயர்த்தவும்' என்று வேண்டாம், வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படி, வீட்டு ஆள் குரலில், 'அப்பா, வலது கையை மூடுங்க, தொறங்க' என்று இருக்கட்டும். அப்புறம் காது. மண்டை எலும்பு உடைந்ததில் காது கேட்காமல் போயிருக்கலாம், மூளையில் மொழிக்கான பகுதி அடிபட்டிருக்கலாம், தூக்க மருந்து ஓடிக்கொண்டிருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், காய்ச்சல் இருக்கலாம். இதையெல்லாம் ஒதுக்காமல் எடுக்கிற பதிவுக்கு மதிப்பில்லை.

'பிரெயின் மேப்பிங்' என்றால் நம் ஆட்களுக்குப் போலீஸ் நினைவுதான் வருகிறது. வாயைத் திறக்காத சந்தேக நபரின் மூளை அலையை வைத்து விசாரிக்கிற முறை நம் நாட்டில் பல வழக்குகளில் நடந்தது, 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு. பேச மறுக்கிறவருக்காக அந்தச் சோதனையை ஏற்பாடு செய்ய முடிந்த நாட்டில், பேச முடியாமல் கிடக்கிறவருக்காகவும் ஏற்பாடு செய்ய முடியும். அவர் சார்பில் குடும்பத்திடம் விவரமாகச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு செய்யலாம்.

தெரிந்து என்ன ஆகப் போகிறது, தேறவா போகிறார் என்று ஒரு சீனியர் என்னிடம் கேட்டிருக்கிறார். நிறைய ஆகும். உணர்வு இருக்கிறது என்றால் வலி இருக்கிறது, தொண்டைக் குழாய் மாற்றும்போதும் படுக்கைப் புண்ணைக் கழுவும்போதும் வலி மருந்து கொடுக்க வேண்டும். கட்டிலருகில் நின்றுகொண்டு 'இன்னும் எவ்வளவு நாள் இழுக்குமோ' என்று பேசக் கூடாது. அமன்ட்டடின் என்று ஒரு பழைய மாத்திரை இருக்கிறது, தலைக்காயத்துக்குப் பிறகு இப்படி இருந்த 184 பேரிடம் சோதித்து, கொடுத்த நான்கு வாரங்களில் அவர்கள் வேகமாகத் தேறினார்கள் என்று 2012-ல் முடிவு வந்தது. யாருக்குக் கொடுக்கலாம் என்று டாக்டர் யோசிக்கவாவது, நோயாளி எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரிய வேண்டாமா? அமெரிக்க நரம்பியல் அகாடமி 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியில் 'நிரந்தரம்' என்று முத்திரை குத்துவதையே கைவிட்டுவிட்டார்கள், ஏனென்றால் ஒரு வருடத்துக்குப் பிறகும் சிலர் மாறுகிறார்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. சிகிச்சையை நிறுத்துவது பற்றி 2018-லும், நடைமுறையை எளிதாக்கி 2023-லும் உச்ச நீதிமன்றம் விதிகள் சொல்லியிருக்கிறது, இரண்டு மருத்துவக் குழு பார்க்க வேண்டும் என்றெல்லாம். அந்த விதிகளை நான் மதிக்கிறேன். வேதனையோடு உயிரை இழுத்துப் பிடித்து வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம் ஊரில் பெரும்பாலான முடிவுகள் அந்தக் குழுக்களின் முன்னால் எடுக்கப்படுவதில்லை. பில் கவுன்டர் முன்னால் எடுக்கப்படுகின்றன. சாலை விபத்து என்றால் முதல் 48 மணி நேரச் செலவுக்கு 'இன்னுயிர் காப்போம்' திட்டம் கை கொடுக்கிறது, அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஐந்தாவது நாள், பத்தாவது நாள், நகையை வைத்தாகிவிட்டது, நிலத்தை விற்கலாமா என்று அண்ணன் தம்பி வராண்டாவில் நின்று பேசுகிறார்கள், 'உணர்வு இல்லைனு டாக்டர் சொல்லிட்டார்' என்ற ஒரே வரிதான் அவர்கள் கையில் இருக்கிறது. சொந்தப் பொறுப்பில் கூட்டிப் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டு ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். கிளாசன் ஆய்வில் அலை மாற்றம் தெரிந்ததும் அந்த நாலைந்து நாளில்தான் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த வரி இன்னும் கொஞ்சம் கவனமாக எழுதப்பட்டிருந்தால், குடும்பம் அப்போதும் அதே முடிவை எடுத்திருக்கலாம். ஆனால் தெரிந்து எடுத்திருப்பார்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எல்லா மருத்துவமனையிலும் கம்ப்யூட்டர் கணக்கோடு கூடிய கட்டளைச் சோதனை நாளைக்கே வேண்டும் என்று சொல்லவில்லை, அதற்கு ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், தப்பாகச் செய்தால் தப்பான முடிவு வரும். அதை அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஓரிரண்டு மையங்களில் தொடங்கலாம். 1950-ல் சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிய மாநிலம் இது, நம்மால் முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. மற்ற இடங்களில், நினைவு திரும்பாத ஒவ்வொருவருக்கும் தூக்க மருந்தை நிறுத்திய பிறகு ஒரு முறையான இ.இ.ஜி., கூப்பிட்டும் கிள்ளியும் அலை மாறுகிறதா என்று குறித்த பதிவு, கண்ணாடியும் பெயரும் வைத்து அந்த அளவுகோல் சோதனை சில தடவை, இவ்வளவு நடந்தாலே போதும். அளவுகோல் சோதனையை நர்ஸுகளுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் கற்றுக் கொடுக்கலாம், டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அதோடு, 'மூளை அலை சிகிச்சை, கோமா நோயாளி எழுந்து நடப்பார்' என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். இ.இ.ஜி. பதிவு செய்யும், அவ்வளவுதான், குணமாக்காது. அந்த மாதிரி விளம்பரங்களைப் பத்திரிகைகளும் வாங்கக் கூடாது என்று உங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் இப்படி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கடைசியாக: பதிவுக்கு வருவதற்கு முந்தின நாள் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டுங்கள், எண்ணெய் வேண்டாம். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியையும், காது மெஷின் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். எந்த நேரத்தில் முகம் தெளிவாக இருக்கிறது என்று ஒரு வாரம் நோட்டில் குறித்து வையுங்கள். யார் பேசும்போது கண் அந்தப் பக்கம் போகிறது, எந்தப் பாட்டுக்கு உதடு அசைகிறது என்று பார்த்து, அசைகிற நேரத்தில் செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், பல டாக்டர்கள் அதைக் கட்டாயம் பார்ப்பார்கள். பார்த்த பிறகு, இந்த நேரத்துக்கே ஒரு இ.இ.ஜி. எழுதித் தாருங்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

இப்படிக்கு,
இ.இ.ஜி. டெக்னீஷியன் ஒருவர், தென் தமிழகம்
(இன்னும் பணியில் இருப்பதால் பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)